ஷார்ஜா பள்ளி ஒப்பந்தம்: இரண்டு வருடத்துக்கு முன்னால் விலகினால்? கையெழுத்துப் போடுவதற்குள் பார்த்துச் சொல்லுங்கள்

திருச்சி_பிசிக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 4,000 திர்ஹாம், அதில் அடிப்படைச் சம்பளம் 2,000, மீதி வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும். அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம் விசாரித்தேன், பள்ளியைப் பற்றித் தவறாக எதுவும் சொல்லவில்லை. என் கவலை எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதில் பள்ளி 14 நாள் நோட்டீஸில் என்னை அனுப்பலாம், நான் விலக வேண்டுமானால் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கு 30 நாள், எனக்கு 90 நாள். கோடை விடுமுறை நோட்டீஸ் காலத்தில் சேராது. இரண்டு வருடம் முடியும் முன் நானாக விலகினால் விசா, டிக்கெட், ஆள் எடுத்த செலவு என்று 9,000 திர்ஹாம் திருப்பிக் கட்ட வேண்டும். இது பள்ளி தந்தது.

இது போக, சென்னையில் இருக்கும் கன்சல்டன்சி தனியாக ஒரு பாண்டு கேட்கிறது. முத்திரைத்தாளில் இரண்டு லட்ச ரூபாய்க்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், கூடவே தொகை போடாமல் கையெழுத்துப் போட்ட ஒரு காசோலை. அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது அரசு முத்திரை வைத்து உறுதிப்படுத்த, வாங்கும் ஒரிஜினல் சான்றிதழ்களை நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் தருவார்களாம்.

வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நடுவில் வர வேண்டிய நிலை வந்தாலும் வரலாம், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். எதை மாற்றச் சொல்லலாம், எதை ஒத்துக்கொள்ளலாம்?

கடற்கரைக்காற்று:

இவ்வளவு யோசித்தால் யாருமே வெளிநாடு போக முடியாது. எல்லாப் பள்ளியும் இப்படித்தான் எழுதும். என் கூட வேலை பார்த்தவர்களில் நடுவில் விலகாதவர் யார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒருவரும் ஒன்பதாயிரம் கட்டி நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிடிக்கவில்லையா, லீவில் ஊருக்கு வந்துவிட்டு அப்படியே இருந்துவிடுங்கள்.

அஜ்மான்வாசி:

மேலே சொன்ன யோசனையை மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

டீச்சர், முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமீரகத்தில் தனியார் பள்ளி ஆசிரியர் என்றால் உங்களுக்குப் பொருந்துவது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தது 1980-ஆம் வருடச் சட்டம். இணையத்தில் தேடினால் "கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் 45 நாள் சம்பளம் கட்ட வேண்டும்", "ஐந்து வருடத்துக்கு முன் ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி (வேலை முடியும்போது தரும் பணிக்கொடை) போய்விடும்" என்றெல்லாம் கிடைக்கும், அதெல்லாம் பழைய சட்டம். புதியதில் இரண்டும் இல்லை. வீடியோ போடுகிறவர்கள் நிறைய பேர் இன்னும் பழையதையே படிக்கிறார்கள், பள்ளி அலுவலகங்களிலும் பழைய படிவத்தைத் தேதி மாற்றி அச்சடிக்கிறார்கள், உங்களுக்கு வந்ததும் அப்படித்தான் தெரிகிறது.

தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, அது சரியாக இருக்கிறது. அந்தக் காலத்தில் பள்ளி உங்களை அனுப்ப 14 நாள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும், அதுவும் சரி. உங்கள் பக்கம் மட்டும் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. நாட்டை விட்டே கிளம்புகிறீர்கள் என்றால் 14 நாள் நோட்டீஸ் போதும். அங்கேயே வேறு பள்ளிக்கு மாறுகிறீர்கள் என்றால் ஒரு மாதம், அப்போது ஆள் எடுத்த செலவைப் பழைய பள்ளிக்குப் புதிய பள்ளி தர வேண்டும், நீங்கள் இல்லை. ஊருக்குப் போய்விட்டு மூன்று மாதத்துக்குள் வேறு வேலையில் திரும்பி வந்தாலும் அதே கதைதான், புதியவர் தலையில் விழும். இந்த முறைப்படி செய்யாமல் கிளம்பினால் ஒரு வருடம் ஒர்க் பெர்மிட் கிடையாது. அம்மாவுக்காக நீங்கள் திரும்பி வருவது என்றால் முதல் ஆறு மாதத்தில் 14 நாள்தான். 60 என்று எழுதியிருப்பது எதற்குமே பொருந்தவில்லை.

தகுதிகாண் முடிந்த பிறகு நோட்டீஸ் காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், இது 43-ஆம் பிரிவு. இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு. குறைப்பதானால் அது தொழிலாளியின் நன்மைக்காக இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் தலைகீழாக இருக்கிறது, பள்ளிக்கு 30, உங்களுக்கு 90. இதை நேரடியாகக் கேளுங்கள், கேட்டால் மாற்றுவார்கள், ஏனென்றால் அமீரக மனிதவள அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தத்தில் இப்படி இரண்டு எண் போட முடியாது.

9,000 விஷயம். விசா செலவு, ஆள் எடுத்த செலவு எதையும் நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது என்று ஆறாம் பிரிவிலேயே இருக்கிறது. வருகிற டிக்கெட்டை ஆள் எடுத்த செலவில் சேர்ப்பதா என்று வாதம் வரலாம், விசாவில் வாதத்துக்கே இடமில்லை. மொத்தமாக ஒரு தொகை போட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதே அதனால்தான், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

திருச்சி_பிசிக்ஸ்:

மிக்க நன்றி அண்ணா. கோடை விடுமுறை பற்றி இன்னும் குழப்பம். அது நோட்டீஸில் சேராது என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம்? இன்னொன்று, ஒப்பந்தம் என்று இரண்டு காகிதம் வந்திருக்கிறது. ஒன்று அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர், நான்கு பக்கம்கூட இல்லை, அதில் மேலே நான் எழுதிய கோடை விடுமுறை வரியோ 9,000 திர்ஹாமோ இல்லை. மற்றது பள்ளியின் லெட்டர்ஹெட்டில் பதினான்கு பக்கம். எது கட்டும்?

அஜ்மான்வாசி:

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மே 1-ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மே 31 நாள், ஜூன் 30 நாள், ஆக 61. சாதாரணமாக என்றால் மிச்சம் 29 நாளும் ஜூலையில் ஓடி, ஜூலை 29-க்கு நீங்கள் சுதந்திரம். இந்த வரியை வைத்தால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் கழித்துவிட்டு அந்த 29 நாள் செப்டம்பர் 1-இல் தொடங்கும், செப்டம்பர் 29 வரை நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தொண்ணூறு நாள் நோட்டீஸ் ஐந்து மாதம் ஆகிவிட்டது. அதற்குள் வேறு பள்ளியில் ஆகஸ்ட் கடைசியில் சேரச் சொன்ன இடம் போய்விடும். சட்டம் 90 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கும்போது இப்படிச் சுற்றிப் போக இடம் உண்டா என்று மின்னஞ்சலில் ஒரு வரியாகக் கேளுங்கள், பதிலும் மின்னஞ்சலிலேயே வரட்டும்.

அதோடு ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் என்ன ஆகும் என்று அந்தப் பதினான்கு பக்கத்தில் தேடுங்கள். ஜூனில் விலகுகிறவருக்கு விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று வேறு ஒரு மூலையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மையான நிபந்தனை தெரியும். நோட்டீஸ் காலமாகவும் எண்ண மாட்டோம், சம்பளமும் தர மாட்டோம், ஆனால் விடுவிக்கவும் மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

இரண்டு காகிதம் பற்றி. அமைச்சகத்தில் பதிவாவதுதான் அடிப்படை. பள்ளி கூடுதல் நிபந்தனைகளை இணைப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை அது குறைக்க முடியாது. அமைச்சகப் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் கிடைக்கும், தமிழும் அதில் உண்டு. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தெரியாது என்பதற்காகக் கேட்கவில்லை, சட்ட ஆங்கிலத்தில் நழுவிப் போவது சொந்த மொழியில் பளிச்சென்று தெரியும். ஆஃபர் லெட்டரில் இருக்கும் சம்பளம், அடிப்படை, நோட்டீஸ் மூன்றும் பிறகு பதிவாகும் ஒப்பந்தத்தில் அப்படியே வருகிறதா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பினால் மிச்ச நாளுக்கு நீங்கள் கட்ட வேண்டிய ஈடு, கடைசியாக வாங்கிய சம்பளத்தின் பேரில், அதாவது படிகளும் சேர்ந்த 4,000 பேரில். மூன்று மாதம் என்றால் 12,000. ஆனால் பள்ளி உங்களுக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் பேரில், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள். 2,000-ஐ முப்பதால் வகுத்து 21-ஆல் பெருக்கினால் வருடம் 1,400, இரண்டு வருடத்துக்கு 2,800. நீங்கள் தரும்போது பெரிய எண், வாங்கும்போது சின்ன எண். அடிப்படையை 3,000 ஆக்கினால் அதே 4,000 சம்பளத்தில் இரண்டு வருடத்துக்கு 4,200 வரும். பள்ளிக்கு மாதாமாதம் ஒரு திர்ஹாம்கூடக் கூடுதல் செலவில்லை, அதனால் தைரியமாகக் கேளுங்கள். ஒரு வருடம் முழுதாக முடிக்காவிட்டால் கிராஜுவிட்டியே கிடையாது, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பதினோராம் மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். பள்ளி உடனே உங்களை அனுப்ப நினைத்தால் ஒரு மாதச் சம்பளம், 4,000. நீங்கள் உடனே கிளம்ப நினைத்தால் 12,000, அதோடு 9,000, ஆக 21,000, அதுவும் போக இந்தியாவில் இரண்டு லட்ச ரூபாய். ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல். எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் நான் முதலில் இதைத்தான் செய்வேன், நாளையே முறிந்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுதிவிடுவேன்.

பழைய_ஒருங்கிணைப்பாளர்:

நான் வளைகுடாவில் ஒரு இந்தியப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள் பிள்ளைகளே.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜனவரியில் செய்முறைத் தேர்வு தொடங்கும், பிப்ரவரியில் பொதுத்தேர்வு. இயற்பியல் டீச்சர் நவம்பரில் கிளம்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? மாற்று ஆள் தேட வேண்டும், சான்றிதழ்கள் அட்டெஸ்ட் ஆகி வர வேண்டும், ஷார்ஜா என்றால் அங்குள்ள தனியார் கல்வி ஆணையத்தின் அனுமதி வேண்டும், விசா வேண்டும். அது முடிவதற்குள் பொதுத்தேர்வே வந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒரு முறை இப்படி ஆகி, இரண்டு மாதம் வேதியியல் டீச்சர் இரண்டு பாடத்தையும் இழுத்துக்கொண்டு திணறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், பெற்றோர் தினமும் அலுவலக வாசலில் நின்றார்கள்.

அதனால் நடுவில் போகாதீர்கள் என்று பள்ளி கேட்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேதியாகக் கேட்க வேண்டும், தண்டமாகக் கேட்கக்கூடாது. ஏப்ரலில் வகுப்பு தொடங்கி மார்ச்சில் முடிகிறது, "கல்வியாண்டு முடிவில் விலகுவதானால் டிசம்பருக்குள் சொல்லுங்கள்" என்று எழுதினால் ஆசிரியர்களே நேரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். ஒன்பதாயிரம் என்று மிரட்டினால் என்ன நடக்கிறது தெரியுமா? சொல்லாமல் போகிறார்கள். கோடை லீவுக்குப் போனவர் வரவே மாட்டார், செப்டம்பரில் வகுப்பில் ஆள் இருக்காது. தண்டம் பெரிதாக ஆக, முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் போய்விடுகிறது.

டீச்சரம்மா, பேசும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அம்மாவின் உடல்நிலை மாதிரி மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் 30 நாளில் விடுவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? நான் இருந்த பள்ளியில் அப்படி ஒரு வரி இருந்தது, யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை.

மதுரை_வக்கீல்:

அமீரகச் சட்டம் பற்றி நண்பர் சொல்லிவிட்டார், நான் சென்னை பாண்டுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

வேலை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் வைத்து, முன்னால் விலகினால் இவ்வளவு என்று எழுதுவது நம் நாட்டில் செல்லவே செல்லாது என்று பல பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அங்கே சூழ்நிலை வேறு. பொதுத்துறை வங்கி, திறந்த முறையில் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம், ஓர் அதிகாரி போனால் மறுபடி அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கும் செலவு, இதையெல்லாம் பார்த்துத்தான் தீர்ப்பு. வேலையே கொடுக்காத ஒரு கன்சல்டன்சிக்கு நீங்கள் ஷார்ஜாவில் விலகுவதால் என்ன நஷ்டம்? 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆகவே பாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் வாதாட நமக்கு இடம் இருக்கிறது.

காசோலை வந்துவிட்டால் கதை மாறும். கையெழுத்துப் போட்ட காலிக் காசோலையை நீங்களாகக் கொடுத்துவிட்டால், மற்றதை அவர்கள் நிரப்பினாலும் அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல். காசோலை பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நீங்கள் ஷார்ஜாவில் இருக்கும்போது சென்னை நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குச் சம்மன் வரும், உடம்பு சரியில்லாத அம்மா அதை வாங்குவார். வழக்கில் ஜெயிப்பீர்களா என்பது அப்புறம். சிவில் தகராறு ஒன்றைக் கிரிமினல் வழக்காக மாற்றும் சாவியை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். பாண்டுக்குக் கையெழுத்துப் போட்டாலும் போடுங்கள், காசோலை மட்டும் கூடவே கூடாது.

ஒரிஜினல் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டெஸ்டேஷனுக்கு ஒரிஜினல் தேவை, மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று கட்டம் போய் வர வேண்டும், அதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது, எதற்காக, எப்போது திரும்பும் என்று கன்சல்டன்சி முத்திரையோடு ரசீது வாங்குங்கள். முடிந்தால் அட்டெஸ்டேஷனைத் தனியாக நீங்களே செய்துகொள்ளுங்கள், இதற்கு என்றே வேறு இடங்கள் இருக்கின்றன.

அந்த கன்சல்டன்சிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ஆள்சேர்ப்பு முகவர் உரிமம் இருக்கிறதா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி அயல்நாட்டு வேலைக்கு ஆள் எடுக்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்கூட உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். முப்பதாயிரத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு இருக்கும் இடத்தில் இரண்டு லட்சத்துக்கு எழுதி வாங்குவதற்கு என்ன அடிப்படை?

கடற்கரைக்காற்று:

வக்கீல் சார் சொன்ன காசோலை விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றதெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது சார். வேலை கையில் இல்லாமல் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது "43-ஆம் பிரிவு" என்று மின்னஞ்சல் போட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நான் சொல்வது அனுபவம்.

அஜ்மான்வாசி:

அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இயற்பியல், கணக்குக்கு மேல்நிலையில் எடுக்கத் தெரிந்த ஆள் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. மேலே ஒருங்கிணைப்பாளர் அம்மா சொன்னதைப் பாருங்கள், பள்ளிக்கும் நல்ல டீச்சர் தேவை. கேட்கும் விதத்தில் கேட்கலாம். பிரிவு எண் போட வேண்டாம், "அமைச்சகப் படிவத்தில் ஒரு எண் இருக்கிறது, இணைப்பில் வேறு எண் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கித் தர முடியுமா" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

லீவில் போய்த் திரும்பாமல் இருப்பது பற்றி. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணமில்லாமல் வராவிட்டால் பள்ளி நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம், வேலையை விட்டு ஓடியதாக அமைச்சகத்தில் புகார் பதியலாம். அது விழுந்தால் ஒரு வருடம் அங்கே வேறு வேலைக்கு அனுமதி கிடைக்காது. அனுபவச் சான்றிதழ் கேட்டுப் போய் நிற்கவும் முடியாது. இன்று ஊரில் இருந்துவிடலாம் என்று நினைக்கிறவர் மூன்று மாதம் கழித்து துபாயில் நல்ல இடம் வந்தால் போக நினைப்பார், அப்போதுதான் இது வந்து இடிக்கும். 14 நாளிலோ 30 நாளிலோ முறையாக விலக வழி இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

பள்ளியே தப்பு செய்தால் வேறு வழி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் தராமல் இழுத்தால் நோட்டீஸ் இல்லாமல் விலகலாம், ஆனால் கிளம்புவதற்கு 14 வேலை நாளுக்கு முன் அமைச்சகத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பிறகும் பள்ளி சரிசெய்யாமல் இருக்க வேண்டும். கோபத்தில் அன்றே பெட்டியைத் தூக்கினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்பீர்கள். 50,000 திர்ஹாம் வரையுள்ள தகராறில் 2024 தொடக்கத்திலிருந்து அமைச்சகமே முடிவு சொல்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். கணக்கு முடிக்க வேண்டிய பணம் எல்லாம் வேலை முடிந்த 14 நாளுக்குள் வர வேண்டும்.

அட்டொல்_கணக்கு:

மாலத்தீவிலிருந்து எழுதுகிறேன், நம் ஊர் ஆசிரியர்கள் இங்கே நிறைய பேர். ஷார்ஜாவுக்குச் சொன்னதை அப்படியே இங்கே வைத்துப் பார்க்காதீர்கள். இங்கே 2008-ஆம் வருட வேலைவாய்ப்புச் சட்டம், தகுதிகாண் காலம் மூன்று மாதம்தான், அதற்குள் இரு தரப்பும் நோட்டீஸ் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு எத்தனை காலம் வேலை செய்தீர்களோ அதைப் பொறுத்து நோட்டீஸ், ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு வாரம், ஐந்து வருடம் வரை ஒரு மாதம், அதற்கு மேல் இரண்டு மாதம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா?

இங்கே சிக்கல் தீவுதான். எந்தத் தீவில் போடுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் "நாட்டின் எந்தப் பள்ளியிலும்" என்று எழுதியிருப்பார்கள். மாலேயிலிருந்து நாள் முழுக்கப் படகில் போகும் தீவும் இருக்கிறது, பக்கத்தில் இருப்பதும் இருக்கிறது. சொன்ன தீவை மாற்றிவிட்டார்கள் என்பதால்தான் எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம் விலகியிருக்கிறார்கள், சம்பளத்தால் இல்லை. அதனால் இங்கே வருகிறவர்கள் இடம் மாற்றினால் என்ன உரிமை என்று கேளுங்கள், திரும்பும் டிக்கெட் மாலேயிலிருந்தா தீவிலிருந்தா என்பதையும் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_ஆசிரியை:

இங்கிலாந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, இந்திய ஆசிரியர்கள் இப்போது கணிதம், அறிவியலுக்கு வருகிறார்கள். இங்கே அரசு சார்ந்த பள்ளிகளில் விலகுவதற்கு வருடத்தில் மூன்று தேதிதான். அக்டோபர் 31-க்குள் சொன்னால் டிசம்பர் கடைசி, பிப்ரவரி கடைசிக்குள் சொன்னால் ஏப்ரல் கடைசி, மே 31-க்குள் சொன்னால் ஆகஸ்ட் கடைசி. ஜூன் 1-இல் கொடுத்தீர்கள் என்றால் அந்த ஒரு நாளுக்காக டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். மேலே அம்மா சொன்ன "தேதியாகக் கேட்க வேண்டும்" என்பது இதுதான், தண்டம் என்று எதுவும் இல்லை.

ஆனால் ஸ்பான்சர் விசாவில் வந்தவருக்கு வேலை போனால் வழக்கமாக 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் முன் அடுத்த இடம் உறுதியாகட்டும். ஸ்பான்சர்ஷிப் செலவைத் திருப்பிக் கட்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தால், திறன் கட்டணத்தையும் (வெளிநாட்டு ஆளை எடுப்பதற்குப் பள்ளி அரசுக்குக் கட்டுவது), 2024 டிசம்பர் 31 முதல் தரப்பட்ட ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் கட்டணத்தையும் ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது என்பது உள்துறை விதி.

திருச்சி_பிசிக்ஸ்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. அஜ்மான் அண்ணா சொன்னபடி பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், இன்று பதில் வந்தது.

நோட்டீஸை இரு பக்கமும் 60 நாள் ஆக்கிவிட்டார்கள். தகுதிகாண் காலத்தில் நாட்டை விட்டுத் திரும்புவதானால் 14 நாள் என்று மாற்றித் தந்தார்கள். 9,000-ஐப் பிரித்துக் கேட்டதற்கு, விசாவையும் ஆள் எடுத்த செலவையும் நீக்கிவிட்டு, முதல் வருடத்துக்குள் விலகினால் வந்த டிக்கெட் செலவு மட்டும் என்று போட்டிருக்கிறார்கள். மருத்துவக் காரண வரியைச் சேர்த்துவிட்டார்கள், பெற்றோர் என்று தெளிவாக எழுதி. இதற்கு ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்குத் தனியாக நன்றி. அடிப்படைச் சம்பளத்தை மாற்ற முடியாதாம், எல்லா ஆசிரியருக்கும் ஒரே அளவு என்றார்கள். கோடை விடுமுறை வரி அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் பதிலே இல்லை.

கன்சல்டன்சி காசோலை இல்லாமல் முடியாது என்கிறது. உரிம எண் கேட்டேன், "எங்கள் பார்ட்னர் நிறுவனத்துக்கு இருக்கிறது" என்று சொன்னார்கள், எண்ணைத் தரவில்லை.

மதுரை_வக்கீல்:

எண் தராதவரிடம் எதையும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. ஆஃபர் லெட்டர் பள்ளியிடமிருந்து நேராக உங்களுக்கு வந்திருக்கிறது, நீங்களும் பள்ளியும் நேராக எழுதிக்கொள்கிறீர்கள். கன்சல்டன்சி காலிக் காசோலை கேட்கிறது என்று பள்ளிக்கே எழுதுங்கள். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது அவர்களுக்கும் பொருந்தும், தங்கள் பெயரில் ஒருவர் இப்படிக் கேட்பதைப் பெரும்பாலான பள்ளிகள் விரும்பாது. ஒரிஜினல்களை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, இமைக்ரேட் தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

அஜ்மான்வாசி:

கோடை வரிக்காக வேலையை விட வேண்டாம், இரு பக்கமும் 60 நாள் ஆனதில் அதன் பல் பாதி போய்விட்டது. மார்ச் முடிந்து விலகுவதாக இருந்தால் ஜனவரி கடைசியில் நோட்டீஸ் கொடுங்கள், விடுமுறை அந்தப் பக்கமே வராது. மாற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள், பழைய பதினான்கு பக்கத்தில் ஒரு பக்கம்கூடக் கலந்து வரக்கூடாது. அமைச்சகத்தில் பதிவான பிறகு பிரதியை அவர்களுடைய செயலியிலிருந்து நீங்களே இறக்கி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

திருச்சி_பிசிக்ஸ்:

சான்றிதழ்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன வக்கீல் சார். பள்ளிக்கு இன்று மாலையே எழுதுகிறேன். அவர்கள் நேராக விசா எடுத்துத் தந்தால் போகிறேன், காசோலை கொடுத்துத்தான் போக வேண்டும் என்றால் இந்த இடம் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம்.